சுடலைக்குப் பக்கத்திலா, தரவைக்கு அப்பாலா, வட்டாரத்துக்கு உள்ளேயா: எங்கள் ஊர்க் குப்பைக்கு எது இடம்?

யாழ்ப்பாணத்தில் உள்ள எங்கள் ஊருக்கு ஒரு கழிவு நிலையம் வேண்டும் என்பதில் எவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எங்கே என்பதில்தான் இழுபறி. பிரதேச சபை எங்கள் சனசமூக நிலையத்திடம் எழுத்தில் கருத்துக் கேட்டிருக்கிறது. மூன்று யோசனைகள் வந்திருக்கின்றன. சுடலையை ஒட்டி வெறுமனே கிடக்கும் அரசகாணியில் குப்பையைக் கொட்டித் தரம் பிரிப்பது ஒன்று. கடலேரிக் கரையில் உள்ள தரவையில், அதாவது திறந்த உவர்வெளியில், அயல் சபைகளோடு சேர்ந்து பொதுக் கிடங்கு அமைப்பது இன்னொன்று. எங்கும் குவிக்காமல் வட்டாரத்துக்கு வட்டாரம் சிறு கொட்டகை போட்டு, மக்கக்கூடியதை அங்கேயே உரமாக்கி, மிஞ்சியதை மட்டும் வெளியே அனுப்புவது மூன்றாவது.

இதோடு இன்னொரு கேள்வியும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. சுடலையைச் சுற்றி வீடுகள் பெருகிவிட்டன. கழிவு நிலையம் அமைக்கும் கையோடு சுடலையையும் தரவைப் பக்கம் கொண்டுபோய்விட்டால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள்.

பெரும்பாலானோர் சாய்வது முதல் யோசனைக்கு. காணிக்குக் காசு இல்லை, பாதை உண்டு, இருட்டினால் அந்தப் பக்கம் ஒருவரும் போவதில்லை. நான் மூன்றாவது யோசனைக்காகவும், சுடலை இருக்கும் இடத்திலேயே இருக்க வேண்டும் என்பதற்காகவும் வாதாடப்போகிறேன். என் காரணங்களில் பாதி பழைய நகரங்களிலிருந்து வருகிறது. செத்தவரையும் குப்பையையும் ஊரின் எந்த ஓரத்துக்கு அனுப்புவது என்ற கேள்விக்கு ஏதென்ஸ், ரோம், மொகெஞ்சதாரோ எல்லாம் ஒவ்வொரு விடை கண்டிருக்கின்றன. அந்த விடைகள் பின்னர் என்ன ஆயின என்பதும் நமக்குத் தெரியும். எங்கள் சபைக்குக் கிடைக்காத வாய்ப்பு அது. எந்த முடிவின் விளைவையும் முன்கூட்டியே இரண்டாயிரம் ஆண்டு தள்ளி நின்று பார்க்க எங்களால் முடியாது, அவர்களுடையதைப் பார்க்கலாம்.

சுடலைக்குப் பக்கத்தில்

சுடலையும் குப்பையும் ஒரே இடத்தில் சேர்வது எங்கள் ஊர் கண்டுபிடித்த சோம்பேறித்தனம் அல்ல. ஏதென்ஸ் நகரில் தெருக்களைக் கவனிக்க ஒரு தொகுதி அதிகாரிகள் இருந்தார்கள். மலக்கழிவு அள்ளுகிறவர்கள் அதை மதிலிலிருந்து 10 ஸ்டேடியாவுக்கு உள்ளே, அதாவது ஏறத்தாழ இரண்டு கிலோமீற்றருக்குள், கொட்டாமல் பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு. தெருவில் செத்துக் கிடப்பவர்களின் உடலை எடுப்பிப்பதும் அதே அதிகாரிகளின் பொறுப்புத்தான். அதற்கு அவர்களிடம் அரசாங்க அடிமைகள் இருந்தார்கள். அரிஸ்டாட்டில் பெயரில் வழங்கும் ஏதென்ஸ் ஆட்சிமுறை பற்றிய நூல் இரண்டையும் ஒரே பந்தியில் சொல்கிறது. ஆனால் அதே ஏதென்ஸ் வசதியானவர்களின் கல்லறைகளை டிபிலோன் வாசலுக்கு வெளியே கெரமெய்க்கோஸில், ஊருக்கு வருகிற எவரும் கண்டே தீர வேண்டிய பாதையோரத்தில், சிற்பங்களோடு அமைத்தது. ஆகவே நகரின் வெளிப்புறம் எல்லோருக்கும் ஒரே வெளிப்புறமாக இருக்கவில்லை. உள்ளவனுக்கு அது காட்சிமேடை. இல்லாதவனுக்கு அப்புறப்படுத்தும் இடம்.

ரோமில் இது இன்னும் பச்சையாகத் தெரியும். கி.மு. 450 அளவில் எழுதப்பட்ட பன்னிரண்டு பலகைச் சட்டம், நகருக்குள் பிணத்தைப் புதைக்கவும் கூடாது, எரிக்கவும் கூடாது என்றது. அதனால் செல்வர்கள் அப்பியன் வீதி நெடுகக் கல்லறை கட்டினார்கள். ஏழைகள் எஸ்குவிலின் மேட்டில், மதிலுக்குச் சற்று வெளியே, குழிகளில் விழுந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரொடொல்போ லன்சியானி என்ற தொல்லியலாளர் அங்கே அத்தகைய குழிகள் 75 அளவில் கண்டார். ஏறத்தாழ 10 மீற்றர் ஆழம். உள்ளே மனித எலும்பு, விலங்கெலும்பு, நகரத்துக் குப்பை எல்லாம் ஒன்றாகக் கரைந்து கருமண்ணாகக் கிடந்தன.

அந்தப் பகுதியில் கிடைத்த எல்லைக் கற்கள் சிலவற்றை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் அவை மனதை விட்டு நீங்குவதில்லை. லூசியஸ் சென்டியஸ் என்ற அதிகாரியின் கட்டளை அவற்றில் வெட்டப்பட்டிருக்கிறது: இந்தக் கல்லைத் தாண்டி நகரின் பக்கம் பிணம் எரிக்கவோ, சாணத்தையும் பிணத்தையும் போடவோ கூடாது. ஒரு கல்லின் அடியில் யாரோ சிவப்பு மையால், கழிவைத் தூரக் கொண்டு போ, இல்லாவிட்டால் உனக்குக் கேடு என்று எழுதிவைத்தார்கள். கல்லில் வெட்டிய கட்டளை போதாமல் போன பிறகு அக்கம்பக்கத்தார் கையில் எடுத்த தூரிகை அது என்றுதான் நான் கொள்கிறேன். எங்கள் சுடலை வீதியிலும் சபையின் தகரப் பலகை ஒன்று நிற்கிறது. அதற்குக் கீழே மதிலில் கரியால் எழுதிய வசவும் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில்தான் பொலித்தீன் பைகள்.

பொம்பெய் நகரம் இதற்கு வேறொரு பாடம் சொல்கிறது. அங்கே மதிலுக்கு வெளியே கல்லறைகளுக்கு இடையில் குவிந்திருந்த குப்பையை, கி.பி. 62இல் நடந்த பூகம்பத்துக்குப் பிறகு நகரம் சீரழிந்ததன் அடையாளம் என்றே ஆய்வாளர்கள் நெடுங்காலம் எடுத்துக்கொண்டார்கள். தொல்லியலாளர் அலிசன் எம்மர்சன் அந்த முடிவைக் கேள்விக்கு உட்படுத்தினார். நகரம் நன்றாக இருந்த காலத்திலும் குப்பை அங்கேதான் போனது. வீடுகளுக்கு உள்ளேயும்கூட, இரண்டு கழிவுக் குழிகளுக்கு நடுவே தண்ணீர்த் தொட்டி வைத்திருந்தார்கள். உடைந்த சட்டியும் எலும்பும் சாம்பலும் அவர்களுக்கு நம்மைப்போல அருவருப்பு ஊட்டவில்லை. கல்லறை அவர்களுக்குப் போக்குவரத்துள்ள இடம். ஆட்கள் நிறையப் போகிற இடத்தில் குப்பையும் சேரும்.

முதல் யோசனையை ஆதரிப்பவர்கள் இதைத் தங்கள் பக்கத்துச் சாட்சியாகக் கொள்ளலாம். பழங்காலத்தவர் அப்படித்தான் வாழ்ந்தார்கள், பெரிய குறை ஒன்றும் வரவில்லையே என்று கேட்கலாம். அந்தக் கேள்விக்குப் பதில் குப்பையின் தன்மையில் இருக்கிறது. பொம்பெய்க் குப்பை பெரும்பாலும் ஓடும் சாம்பலும் எலும்பும். அது பிறகு சுவருக்கும் நிலத்துக்கும் நிரப்பாகத் திரும்பி ஊருக்குள் வந்தது. எங்கள் குப்பையில் பற்றரி, மருந்துப் போத்தல், பாம்பர்ஸ், பொலித்தீன். இவற்றில் எதுவும் எந்தச் சுவருக்குள்ளும் திரும்ப வராது. மழை பெய்தால் அதன் சாறு கீழே இறங்கும்.

எங்கள் சுடலையை நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். பனைகளுக்குக் கீழே மணலில் கொள்ளிக்குடத்து ஓடுகள் கிடக்கின்றன. அவை கிடக்கலாம்; மண்ணிலிருந்து வந்தவை. அவற்றுக்கு மேலே மாலை சுற்றி வந்த பிளாஸ்டிக் நூல், செத்தவீட்டில் தேநீர் கொடுத்த கடதாசிக் கோப்பைகள், இறந்தவர் படுத்திருந்த பஞ்சு மெத்தை. முன்பு பாயும் தலையணையும் போட்டால் ஒரு மாரியில் மண்ணாகிவிடும். இந்த மெத்தை கொள்ளி வைத்த பிள்ளையின் பிள்ளை காலத்திலும் அங்கேயே கிடக்கும். இந்த நிலத்துக்குப் பக்கத்தில் சபையே முறையாகக் குப்பையைக் கொண்டுவந்து கொட்டினால் எல்லை எங்கே என்று யாரும் கேட்கமாட்டார்கள். ஆறு மாதத்தில் குப்பை சுடலைக்குள் இருக்கும். காடாற்றுக்குப் போகிற குடும்பம் மறுநாட்காலை நாய்களை விரட்டிக்கொண்டு சாம்பல் அள்ள வேண்டிவரும். அப்படி ஒரு நிலைக்கு நான் ஒருபோதும் கையெழுத்து வைக்கமாட்டேன்.

இன்னொரு காரணம் இதைவிடக் கனமானது. யாழ்ப்பாணத்தில் ஊரோர நிலத்தை இயந்திரத்தால் தோண்டுவது வெறும் கட்டட வேலை அல்ல. செம்மணியில் 1999இல் போர்க்காலப் புதைகுழிகளிலிருந்து 15 பேரின் எச்சங்கள் தோண்டி எடுக்கப்பட்டன. 2025 பெப்ரவரியில் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் தகனமேடை வேலைக்காக மண்ணை வெட்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. நீதிமன்ற மேற்பார்வையில் அகழ்வு நடந்தது. குழந்தைகளின் எலும்புகளும் அங்கே இருந்தன. தங்கள் பிள்ளை எங்கே என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிற பெற்றோர் வாழும் மாவட்டம் இது. சுடலையை ஒட்டிய காணியில் பெக்கோ இயந்திரத்தை இறக்கி, மேலே குப்பையைக் கொட்டிச் சமப்படுத்துவது என்ற யோசனையை இந்த ஒரு காரணத்துக்காகவே தள்ளிவைக்கலாம்.

பழைய உதாரணமும் நம் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. 1980இல் ஆனைக்கோட்டைக் கரையாம்பிட்டியில் நிரப்பு மண்ணுக்காக மேட்டை வெட்டிக்கொண்டிருந்தபோதுதான் பெருங்கற்கால ஈமப் புதையிடம் தெரியவந்தது. பேராசிரியர் இந்திரபாலா தலைமையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் அகழ்ந்தார்கள். கிடத்திப் புதைத்த எலும்புக்கூடுகள், கறுப்பு-சிவப்பு மட்கலங்கள், பிராமி எழுத்துப் பொறித்த சிறு முத்திரை எல்லாம் கிடைத்தன. 'கோவேத' என்று படிக்கப்பட்ட அந்த முத்திரைதான் இன்று யாழ்ப்பாணத்தின் தொல்வரலாறு பற்றிப் பேசும் எவரும் முதலில் எடுத்துக்காட்டுவது. இன்னும் சில உழவு இயந்திரப் பெட்டிகள் மண் போயிருந்தால் அது எந்த வீட்டு அத்திவாரத்துக்குக் கீழே கிடந்திருக்குமோ. ஆனைக்கோட்டையில் குடியிருப்பும் புதையிடமும் அருகருகே இருந்தன. நம் முன்னோர் இறந்தவரை அதிகம் தூரம் அனுப்பவில்லை என்பதையும் அந்த மேடு காட்டுகிறது.

தரவைக்கு அப்பால்

இரண்டாவது யோசனைக்குத் தோற்றத்தில் ஒரு நியாயம் உண்டு. தூரம். ரோமின் சிவப்பு மைக்காரர் கேட்டதும் அதைத்தான். அயல் சபைகளோடு செலவைப் பகிரலாம். ஒரே இடத்தில் நல்ல நிறுவை மேடை, வேலி, காவலாளி வைக்கலாம். சிறு சபையால் தனித்துச் செய்ய முடியாதவை இவை. பொதுக் கிடங்கு வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். மிஞ்சும் கழிவுக்கு அது இல்லாமல் முடியாது.

தூரம் தூரமாகவே இருக்காது என்பதுதான் சிக்கல். ரோமில் தைபர் ஆற்றுத் துறைக்குப் பக்கத்தில் டெஸ்டாச்சியோ என்று ஒரு குன்று இருக்கிறது. ஏறத்தாழ 35 மீற்றர் உயரம். முழுவதும் ஒலிவ் எண்ணெய் வந்த சாடிகளின் உடைசல். எண்ணெய் ஊறிய ஓடு கட்டட வேலைக்கு உதவாது என்பதால் தனியாகப் பிரித்து, படிபடியாக அடுக்கி, நாற்றம் வராமல் சுண்ணாம்பு தூவி, ஒழுங்காகக் கட்டினார்கள். பழைய உலகில் இவ்வளவு நேர்த்தியாக நடத்திய குப்பைமேடு வேறு இருக்குமா தெரியவில்லை. அதற்குச் சற்றுத் தள்ளி செஸ்டியஸ் என்ற செல்வரின் பிரமிட் வடிவக் கல்லறை, கி.மு. முதல் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் சட்டப்படி நகருக்கு வெளியே கட்டியது. கி.பி. 271இல் பேரரசர் ஔரேலியன் புதிய மதிலைக் கட்டத் தொடங்கியபோது குன்று மதிலுக்கு உள்ளே வந்துவிட்டது. பிரமிட் மதிலின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது. இன்று இரண்டும் ரோம் நகரின் நெரிசலான பகுதியில் நிற்கின்றன.

எஸ்குவிலின் குழிகளுக்கும் இதே கதிதான். கி.மு. முதல் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் மிசீனஸ் என்ற பிரபு அந்த மேட்டின்மேல் பல மீற்றர் தடிப்புக்கு மண்ணைக் கொட்டி, மேலே தோட்டமும் மாளிகையும் அமைத்தார். கீழே எலும்பு, மேலே உலாவும் பாதை.

நம் பக்கத்தில் அதே மாற்றம் இன்னும் வேகமாக நடக்கிறது. யாழ்ப்பாண மாநகரக் குப்பை போகிற கல்லுண்டாய் வெளி ஒரு காலத்தில் ஊர்களுக்கு வெளியே கிடந்த உவர்நிலம். இன்று அயலில் குடியேற்றத் திட்டம் உண்டு. அராலி வீதியில் நாள்தோறும் பாடசாலைப் பிள்ளைகள் போகிறார்கள். குப்பை தீப்பற்றிப் புகைந்தால் காற்றடிக்கும் பக்கத்து ஊர்கள் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. கொலன்னாவை மீதொட்டமுல்லைக் குப்பைமேடும் சதுப்பு நிலத்தில் தொடங்கியதுதான். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில் அது சரிந்து 30க்கும் மேற்பட்டவர்களைப் புதைத்தது. பண்டிகைக்கு வீட்டில் இருந்தவர்கள் அவர்கள்.

தரவையில் யாரும் இல்லை என்று சொல்வதையும் நான் ஏற்கவில்லை. யார் இல்லை? மாடு மேய்ப்பவர்கள் இருக்கிறார்கள், கடலேரியில் இறால் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். வேறெங்கும் காணி கிடைக்காமல் ஓரத்துக்குத் தள்ளப்பட்ட குடும்பங்கள் இருக்கின்றன. யாழ்ப்பாணத்தில் ஊரோரம் என்பதற்கு ஒரு சாதிக் கணக்கும் உண்டு. அதை மறைத்துக்கொண்டு இடம் தெரிவு செய்வது நேர்மை ஆகாது. புத்தூர் கலைமதிக் கிராமத்து மக்கள் தங்கள் வீடுகளுக்கு நடுவே உள்ள மயானத்தை அகற்றக் கோரி 2017இல் போராடியபோது எங்களில் பலர் அதை ஒரு காணிப் பிணக்காகப் பார்த்துவிட்டுப் போய்விட்டோம். யாருடைய வாசலில் யாருடைய பிணம் எரிகிறது என்பதுதான் அங்கே கேள்வி. குப்பைக்கும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும். ஏதென்ஸில் தெருவில் கிடந்த பிணத்தைத் தூக்க அடிமைகள் இருந்தார்கள். எங்கள் சபையின் சுகாதாரத் தொழிலாளர்கள் எந்த ஊர்களிலிருந்து வருகிறார்கள், தரவையின் எந்த மூலையில் அவர்களுடைய வீடுகள் இருக்கின்றன என்று கூட்டத்தில் ஒருவராவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை, உண்மையில் பல வார்த்தைகள்

ரோமுக்குத் தைபர் இருந்தது. கழிவைக் கடலுக்குக் கொண்டுபோயிற்று. மலையிலிருந்து கால்வாய் வழியே நல்ல தண்ணீர் வந்தது. குடாநாட்டுக்கு ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மாரியில் மட்டும் ஓடுகிற வழுக்கை ஆறு உண்டு. அதுவும் கடலேரியில் போய் விழுகிறது. மற்றபடி குடிக்கவும் குளிக்கவும் தோட்டத்துக்கு இறைக்கவும் கிணறுதான். ஒக்டோபரிலிருந்து டிசம்பர் வரை பெய்கிற மழை மெல்லிய செம்மண்ணுக்குள் இறங்கி, சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தேங்கி, கீழே உள்ள உவர்நீரின்மேல் ஒரு படையாக மிதக்கிறது. நாம் குடிப்பது அந்தப் படையை.

சுண்ணக்கல் தண்ணீரை வடிகட்டாது. மண்ணில் ஊறி மெல்ல இறங்கும் நீர்தான் சுத்தமாகும். வெடிப்பில் ஓடும் நீர் எதைச் சுமந்து வந்ததோ அதைச் சுமந்தபடியே அடுத்த கிணற்றுக்குப் போகும். தோட்ட உரத்தாலும் மலக்குழிகளாலும் குடாநாட்டின் பல கிணறுகளில் நைத்திரேற்று ஏற்கெனவே லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற உலகச் சுகாதார நிறுவன வரம்பைத் தாண்டி நிற்கிறது. அதற்கு மேல் குப்பைச் சாற்றையும் இறக்குவதா?

கீரிமலைக்குப் போகிற எல்லோருக்கும் இந்த நிலத்தடி ஓட்டம் தெரிந்ததே. கடலுக்குப் பக்கத்திலேயே கேணியில் நன்னீர் ஊறுகிறது. அது எங்கிருந்தோ நிலத்துக்கு அடியால் நடந்து வந்த மழை. குடாநாட்டின் பெரும்பகுதி சாம்பல் கரைக்கவும் அந்தியேட்டி செய்யவும் அங்கேதான் போகிறது. அப்பா அம்மாவின் அஸ்தியைக் கொண்டுபோகிற தண்ணீர் வருகிற வழியில் எந்த ஊரின் குப்பை ஊறுகிறது என்று நாம் நினைத்துப் பார்த்தால் போதும். கிடங்கு தோண்டும் எந்தத் திட்டத்துக்கும், சாறு நிலத்துக்குள் இறங்காமல் தடுக்கும் அடித்தளத் தகடும் சாறு வடிக்கும் குழாயும் இல்லாமல் சம்மதிக்கமாட்டோம். முதல் யோசனையில் இவை இரண்டும் இல்லை. இரண்டாவதில் காகிதத்தில் இருக்கின்றன. உவர்த் தரவையில் கிணறு இல்லை என்பது இரண்டாவதற்குச் சாதகம்தான். அங்கே கெடுவது கிணறு அல்ல, கடலேரி.

சுடலை மட்டும் என்றால் கணக்கு வேறு. எரிப்பதில் மிஞ்சுவது சாம்பல். அதிலும் பெரும்பகுதி கீரிமலைக்குப் போய்விடுகிறது. புகைதான் அயலவருக்கு உண்மையான தொல்லை. அதைக் குறைக்க எரிவாயுத் தகனமேடையும் உயரமான புகைபோக்கியும் உண்டு, மூன்று நான்கு ஊர்கள் சேர்ந்தால் கட்டுப்படியாகும்.

வட்டாரத்துக்கு உள்ளே

மூன்றாவது யோசனையைக் கேட்டதும் வருகிற முதல் எதிர்ப்பு, குப்பையை யாராவது ஊருக்குள் வைத்திருப்பார்களா என்பது. 4500 ஆண்டுகளுக்கு முன்னர் மொகெஞ்சதாரோவில் வைத்திருந்தார்கள். வீட்டுச் சுவரில் செங்கல்லால் கட்டிய சரிவு வழியே குப்பை வெளியே விழும். தெருவோரத்தில் அதை ஏந்தச் செங்கல் தொட்டி இருக்கும். கழிவுநீர் மூடிய வாய்க்காலில் ஓடும். இடையிடையே கசடு தங்கும் குழிகள், திறந்து துப்புரவு செய்யும்படி. தூரம் என்பதை நம்பாமல் பராமரிப்பை நம்பிய ஏற்பாடு அது. தொட்டியை யாரோ வெறுமையாக்கியே தீர வேண்டும், இல்லாவிட்டால் தெரு நாறும். நகரத்தின் கடைசிக் காலத்துப் படைகளில் வாய்க்கால்கள் கவனிப்பாரற்றுப் போனது தெரிகிறது. பராமரிப்பு நின்றால் இந்த முறை மற்ற இரண்டையும்விட விரைவாக நாறும். இதை நான் மறைக்க விரும்பவில்லை.

எங்கள் ஊருக்கு ஒரு நல்ல தொடக்கம் இருக்கிறது. வளவின் கோடிப்புறத்தில் குப்பைக்கிடங்கு வைத்து, கூட்டியதையும் சாம்பலையும் மாட்டெருவையும் அதில் போட்டு, மாரிக்கு முன்னர் தோட்டத்துக்கு ஏற்றியவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். பூவரசங்குழையும் பனையோலையும் வெட்டித் தோட்டத்தில் தாழ்த்தினார்கள். வெறும் தறையில் ஆட்டுப்பட்டி அடைத்தார்கள். கல்லுக்கு மேல் ஒரு முழம் மண் மட்டும் உள்ள நிலத்தில் புகையிலையும் வெங்காயமும் விளைந்தது அந்த உழைப்பால். இலங்கையின் வீட்டுக் கழிவில் பாதிக்கு மேல் மக்கக்கூடியதுதான். அந்தப் பாதியை உழவு இயந்திரத்தில் ஏற்றித் தரவைக்குக் கொண்டுபோய், அங்கே நாற வைத்து, பிறகு கடையில் உரம் வாங்குவது என்ன நியாயம்? 2021இல் இரசாயன உரம் ஒரேயடியாகத் தடைசெய்யப்பட்டு எங்கள் தோட்டக்காரர்கள் தவித்தபோது ஊரில் நல்ல கூட்டெரு ஒரு கொட்டகை அளவுகூட இருக்கவில்லை.

சிரமங்கள் உண்டு. தரம் பிரிக்காத வீட்டுக்கு யார் போய்ச் சொல்வது? பெட்டியில் கண்ணாடித் துண்டு கலந்த உரத்தைத் தோட்டக்காரர் ஒருமுறைதான் வாங்குவார். கையை வெட்டிக்கொண்ட பிறகு இலவசமாகக் கொடுத்தாலும் எடுக்கமாட்டார். மீன் சந்தைக் கழிவு இரண்டு நாள் தங்கினால் ஒழுங்கை முழுவதும் ஈ. கல்யாணமும் செத்தவீடும் நடக்கும் வாரத்தில் வாழையிலையும் கோப்பையும் மலையாக வரும். பாம்பர்ஸையும் மருத்துவக் கழிவையும் எந்த வட்டாரக் கொட்டகையாலும் ஏற்க முடியாது. அவற்றுக்குப் பொதுக் கிடங்கும் எரியுலையும் வேண்டும். ஆட்கூலி மூன்று யோசனைகளிலும் இதற்குத்தான் அதிகம். அந்தப் பணத்தைச் சபை ஆண்டுதோறும் ஒதுக்க வேண்டும். கட்டடத்தைத் திறந்துவைத்துப் படம் எடுத்தால் முடிகிற வேலை அல்ல.

இவ்வளவு தெரிந்தும் இதைத்தான் தெரிவு செய்கிறேன். மற்ற இரண்டிலும் தவறு நடந்தால் திருத்த முடியாது. சுண்ணக்கல்லுக்குள் இறங்கிய சாற்றை மேலே எடுக்க வழியில்லை. தரவையில் குவிந்த மலையை வேறெங்கும் கொண்டுபோக எந்தச் சபைக்கும் வசதி வராது. வட்டாரக் கொட்டகை சரிவரவில்லை என்றால் ஒரு வாரத்தில் பிரித்து எடுத்துவிடலாம். தவறு நடந்தால் அன்றைக்கே நாறும். நாறுவது சபைக்கு வாக்களிக்கிறவர்களின் மூக்கில். தூரத்துக் கிடங்கின் நாற்றம் சபைக்கு வந்துசேரப் பத்து ஆண்டு ஆகும்.

சுடலை ஏன் அங்கேயே

கடைசியாக, சுடலையை நகர்த்தும் யோசனை. பழங்காலப் பூம்புகார்ச் சுடலையை மணிமேகலை வருணிக்கிறது: எரிப்பவர்கள், வெறுமனே இட்டுவிட்டுப் போகிறவர்கள், குழியில் புதைப்பவர்கள், தாழ்ந்த இடத்தில் அடைத்துவைப்பவர்கள், தாழியில் கவிப்பவர்கள் எல்லோருக்கும் அங்கே இடம் இருந்தது. சுற்றிலும் மதில், வாசல்கள், இறந்தவரின் தகுதிக்கு ஏற்ற சமாதிகள், அருகே மரங்கள். பயங்கரமான இடமாகத்தான் காட்டப்படுகிறது. ஆனால் நகரத்தின் ஒரு பகுதியாக, காவலும் எல்லையும் உள்ள இடமாக. கைவிடப்பட்ட நிலமாக அல்ல.

எங்கள் சுடலையில் ஐந்தாறு தலைமுறை எரிந்திருக்கிறது. குழந்தைகளைப் புதைத்த மூலையும் உண்டு. அடையாளக் கல் கிடையாது, தாய்மாருக்கு மட்டும் இடம் தெரியும். அதை மூடி வீட்டுக் காணியாக்கினால் அந்தத் தாய்மார் எங்கே போவார்கள்? புதிதாகத் தரவையில் அமைத்தாலும் இருபது ஆண்டில் அதைச் சுற்றியும் வீடு வரும். அப்போது இதே கூட்டத்தை எங்கள் பிள்ளைகள் கூட்ட வேண்டியிருக்கும். கலைமதிக் கிராமத்தின் நிலை வேறு. அங்கே மக்கள் ஏற்கெனவே நெருங்கி வாழும் இடத்தில் மயானம் அவர்கள்மேல் சுமத்தப்பட்டது என்பது முறைப்பாடு. அவர்களுடைய கோரிக்கை நியாயமானது. எங்கள் ஊரில் சுடலை முதலில் இருந்தது, வீடுகள் பின்னர் வந்தன. வந்தவர்களின் சிரமத்தைக் குறைக்க மதிலும் மரவேலியும் புகைபோக்கியும் போதும்.

சபைக்கு எழுதும் கடிதத்தில் நான் சேர்க்கச் சொல்லியிருப்பவை இவை. சுடலைக் காணியின் எல்லையை நில அளவைத் திணைக்களத்தைக் கொண்டு அளந்து மதில் கட்ட வேண்டும்; உள்ளே எந்தக் கட்டுமானத்துக்கும் மண் வெட்டும்போது தொல்லியல் தெரிந்த ஒருவரும் சட்ட வைத்திய அதிகாரிக்குத் தகவல் சொல்லும் ஒழுங்கும் இருக்க வேண்டும். செத்தவீட்டுக்காரர் மெத்தையையும் பிளாஸ்டிக்கையும் சுடலையில் விடாமல் சபையின் உழவு இயந்திரத்திடம் கொடுக்க வேண்டும், அதற்குக் கட்டணம் அறவிடக் கூடாது. மாரி தொடங்குவதற்கு முன்னரும் முடிந்த பின்னரும் மூன்று இடங்களையும் சுற்றியுள்ள கிணறுகளில் நீர் மாதிரி எடுத்து நைத்திரேற்று அளவை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். சுகாதாரத் தொழிலாளர்களுக்குக் கையுறை, காலணி, நிரந்தர நியமனம். மிஞ்சும் கழிவுக்கான பொதுக் கிடங்கில் அடித்தளத் தகடு போட்டு முடிந்த பிறகே முதல் பெட்டி போக வேண்டும்.

முதல் கொட்டகைக்கு மேற்கு வட்டாரத்தில், வாசிகசாலைக்குப் பின்னால் உள்ள வெறும் காணியைப் பரிந்துரைத்திருக்கிறேன். அந்த ஒழுங்கையில் மூன்றாவது வீடு என்னுடையது. மீன் சந்தைக் கழிவை அன்றன்றே மண்ணால் மூடுவதானால், அங்கிருந்து ஆட்சேபனைக் கடிதம் வராது என்பதையும் எழுதிக் கொடுத்துவிட்டேன்.